விடுதலையும் கீழ்ப்படிதலும்

விடுதலை என்ற சொல்லைக் கேட்டவுடன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகம் மலரும். மணியோசை இல்லை, பாடம் ஒப்புவித்தல் இல்லை, ஏன் என்று கேட்பார் இல்லை. அவர்களுக்கு அதுவே விடுதலை. வளர்ந்தோராகிய நாமும் பெரும்பாலும் இப்பொருளிலேயே அச்சொல்லை வழங்குகின்றோம். ஆயின் கிறிஸ்தவ சமயம் பாவத்திலிருந்து விடுதலை என்று சொன்னவுடன், அதனையடுத்துக் கடவுளுக்குக் கீழ்ப்படிதல் என்றும் சொல்லுகின்றது. விடுதலை பெற்றவன் ஏன் கீழ்ப்படிய வேண்டும்? கீழ்ப்படிபவன் எங்ஙனம் விடுதலை பெற்றவன் ஆவான்? இவ்வினாக்களை இன்று சிறிது ஆராய்வோம்.

இவை புதிய வினாக்கள் அல்ல. கி. பி. 57ஆம் ஆண்டளவிலே பவுல் அடிகள் உரோமாபுரியிலிருந்த கிறிஸ்தவர்களுக்கு ஒரு நீண்ட நிருபம் எழுதினார். மனிதன் தன் நற்செயல்களை விலையாகக் கொடுத்து மன்னிப்பைப் பெறுவதில்லை. கடவுள் அதனை அருளாகவே அளிக்கின்றார் என்பது அந்நிருபத்தின் அடிப்படைக் கருத்து. இதைக் கேட்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மன்னிப்பு இலவசமாயின், மேலும் பாவஞ் செய்தால் மேலும் அருள் பெருகுமன்றோ என்பதே அவ்வையம். நிருபத்தின் 6ஆம் அதிகாரத்திலே பவுல் இந்த ஐயத்தைத் தாமே எழுப்பித் தாமே மறுக்கின்றார்.

மறுப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட உவமை அடிமைமுறை. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டமையால் அடிமை என்ற சொல்லின் கொடுமை நம் செவிகளில் மங்கிவிட்டது. பவுலின் நிருபம் வாசிக்கப்பட்ட உரோமாபுரியிலோ அது அன்றாட வாழ்க்கை. வீட்டிலே சமைப்பவன் அடிமை, கணக்கெழுதுபவன் அடிமை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவனும் அடிமை. நிருபத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிலும் அடிமைகளும் அடிமைத்தளை நீங்கினோரும் இருந்திருப்பர்.

அந்நகரிலே அடிமைக்கு விடுதலை கிடைக்க வழிகள் இருந்தன. அதிகாரியின் முன்னிலையில் ஒரு கோலால் தொட்டு அவனை விடுவிப்பது ஒரு முறை. விடுதலை பெற்றவன் அதற்கடையாளமாகக் கம்பளியாலான ஒரு குல்லாயை அணிவான். அடிமையின் மதிப்பில் நூற்றுக்கு 5 பங்கு அரசாங்கத்துக்கு வரியாகச் செலுத்தப்படும். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டோரும் உண்டு. ஆயினும் விடுதலை பெற்றவன் பழைய எசமானின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். அவனுக்கு மரியாதையும் சில கடமைகளும் செலுத்தக் கடமைப்பட்டிருந்தான். எவ்விதத் தொடர்புமின்றித் தனித்து நிற்பதே விடுதலை என்று உரோமர் எண்ணவில்லை.

இதனை அறிந்தோரிடமே பவுல் பேசுகின்றார். மனிதன் எதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்துக் கீழ்ப்படிகின்றானோ அதுவே அவனுக்கு எசமான் என்பது அவர் வாதம். குடிப்பழக்கத்துக்கு ஆளானவன், என் பணத்தில் என் விருப்பப்படி குடிக்கின்றேன் என்கின்றான். மாலையானதும் அவன் கால்கள் எத்திசை நோக்கி நடக்கின்றன என்பதைப் பார்ப்போருக்கே எசமான் யார் என்பது விளங்கும். பொறாமை, பேராசை, பகை ஆகியனவும் அப்படியே. நாம் அவற்றை வைத்திருப்பதாக எண்ணுகின்றோம். அவையே நம்மை வைத்திருக்கின்றன. புதிய ஏற்பாட்டில் பாவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் குறி தவறுதல் என்னும் பொருளுடையது. ஆயின் இவ்வதிகாரத்திலே பாவம் ஒரு தவறாக மாத்திரம் பேசப்படவில்லை. ஆட்சி செய்யும் ஓர் எசமானாகவே பேசப்படுகின்றது. அவ்வெசமான் கூலியும் கொடுப்பான், அக்கூலி சாவு. கடவுள் தருவதோ கூலியன்று, கொடை.

இங்கே முறை ஒன்று உண்டு; அதனைத் தலைகீழாக்கிவிடுதல் ஆகாது. கீழ்ப்படிந்தால் விடுதலை தருவேன் என்று கடவுள் பேரம் பேசவில்லை. விடுவித்தபின்னரே கீழ்ப்படியுமாறு அழைக்கின்றார். பழைய ஏற்பாட்டிலும் இம்முறையே காணப்படுகின்றது. இசுரவேலர் எகிப்து நாட்டிலே அடிமைகளாய்ச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தபொழுது பத்துக் கட்டளைகள் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. முதலில் அவர்கள் மீட்கப்பட்டுக் கடலைக் கடந்தனர். பின்னரே சீனாய் மலையடியிலே கட்டளைகளைப் பெற்றனர். ஆகவே கீழ்ப்படிதல் விடுதலையின் விலையன்று. விடுதலை பெற்றவன் வாழும் வாழ்க்கை முறை.

இனி, மன்னிப்புப் பெற்ற அன்றே மனிதன் முழுமையாக மாறிவிடுகின்றானா? இதற்கு வரலாற்றிலிருந்து ஒருவரைக் காட்டலாம். யோன் நியூற்றன் என்பவர் 1725ஆம் ஆண்டில் இலண்டனில் பிறந்தவர். இளமையிலே கப்பற்றொழிலில் ஈடுபட்டுக் கடவுளை இகழ்ந்து வாழ்ந்தார். மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமை வியாபாரி ஒருவனிடம் அகப்பட்டுத் தாமே அடிமைபோலத் துன்புற்றார். 1748ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தாயகம் திரும்பும் வழியில் அத்திலாந்திக்குச் சமுத்திரத்திலே பெரும் புயல் கப்பலைத் தாக்கியது. கப்பல் மூழ்கும் தறுவாயில் அவர் கடவுளை நோக்கிக் கூவினார். அந்நாளைத் தம் மனமாற்றத்தின் நாளாக இறுதிவரை நினைவுகூர்ந்தார்.

ஆனால், நேயர்களே, அதன் பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். 1750ஆம் ஆண்டு முதல் 1754ஆம் ஆண்டு வரை அதே நியூற்றன் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் செய்தார். மேற்றளத்திலே ஜெபம், கீழ்த்தளத்திலே விலங்கிடப்பட்ட மாந்தர்! அத்தொழில் தவறென்று அப்பொழுது தமக்குத் தோன்றவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். அவர் கடலை விட்டு நீங்கியதும் மனச்சாட்சியினாலன்று, நோயினால். 1764ஆம் ஆண்டில் குருவானார். 1788ஆம் ஆண்டிலேதான் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைத் தாம் கண்டபடியும் செய்தபடியும் நூலாக வெளியிட்டார். பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சியம் அளித்தார். புயல் வீசிய நாளுக்கும் அந்நூல் வெளிவந்ததற்கும் இடையே 40 ஆண்டுகள் கழிந்திருந்தன. பிரித்தானிய அரசு அடிமை வியாபாரத்தைச் சட்டத்தால் தடுத்த 1807ஆம் ஆண்டின் இறுதியிலே அவர் காலமானார்.

அவருடைய மன்னிப்பு மெய்யானது என்றே கிறிஸ்தவர் நம்புவர். ஆயின் அந்த 40 ஆண்டுகளில் அவர் மௌனத்தின் விலையைக் கொடுத்தவர் அவரல்லர். கப்பல்களின் கீழ்த்தளத்திலே கிடந்தவர்களே கொடுத்தார்கள். நம் கீழ்ப்படிதல் தாமதிக்கும்பொழுது துன்புறுபவன் பெரும்பாலும் பிறனாகவே இருக்கின்றான்.

இதனை நான் நூல்களில் மாத்திரம் கற்கவில்லை. ஆசிரியத் தொழிலை ஏற்ற தொடக்க நாட்களில், வகுப்பு நூலொன்று காணாமற் போயிற்று. ஏழை மாணவன் ஒருவன்மீது ஐயுற்று அவனைப் பிரம்பால் அடித்தேன். அவன் அழவில்லை, நான் எடுக்கவில்லை, சேர், என்று மாத்திரம் சொன்னான். மறு வாரம் அந்நூல் என் அலுமாரியிலேயே, வினாத்தாட் கட்டொன்றின் அடியிலே கிடந்தது. அன்றிரவு முழந்தாளில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மனம் இலேசாயிற்று, நன்றாக உறங்கினேன். அந்த உறக்கத்தை நினைத்து இன்றும் நாணுகின்றேன். ஏனெனில் மறுநாள் வகுப்பிலே அந்தப் பையன் கள்வன் என்ற பெயரோடேயே இருந்தான். மாணவர் முன்னிலையில் என் தவறை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று நாட்கள் சென்றன. அம்மூன்று நாட்களும் ஆசிரியனின் கௌரவம் என்னும் எசமானுக்கே நான் ஊழியஞ் செய்தேன். சொல்லி முடித்தபின்னரே விடுதலை என்பதன் பொருளைச் சிறிது உணர்ந்தேன்.

அடிமை உவமை குறையுடையது என்பதைப் பவுலும் அறிவார். கேட்போரின் பலவீனத்தை முன்னிட்டே மனித வழக்கின்படி பேசுவதாக அவரே குறிப்பிடுகின்றார். 8ஆம் அதிகாரத்திலே அவ்வுவமையைக் கடந்து, விசுவாசிகளைக் கடவுளின் பிள்ளைகள் என்கின்றார். அடிமை அடிக்கு அஞ்சிக் கீழ்ப்படிவான். மகன் தந்தையின் மனத்தை அறிந்து கீழ்ப்படிவான். ஆயினும் அந்நிருபத்தின் தொடக்கத்திலே பவுல் தம்மைக் கிறிஸ்துவின் அடிமை என்றே அறிமுகஞ் செய்வது நோக்கத்தக்கது. அடியார் என்பதை இழிவாகக் கொள்ளாது பெருமையாகக் கொள்ளும் தமிழ் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்பினால் ஆளப்படுபவன் தன் உரிமையை இழப்பதில்லை.

ஆகவே விடுதலை பெற்றுவிட்டோமா என்று நம்மை நாமே கேட்கும்பொழுது, மனம் இலேசாயிற்றா என்று மாத்திரம் பார்த்தல் போதாது. நம்மால் துன்புற்ற ஒருவரிடம் சென்று சொல்லவேண்டிய சொல் ஏதேனும் இன்னும் சொல்லப்படாமல் இருக்கின்றதா என்றும் பார்த்தல் வேண்டும். இருக்குமாயின், கீழ்ப்படிதல் தொடங்கவேண்டிய இடம் அதுவே. நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாட்களும் மிகையே.