அழித்த கோப்புகள் எங்கே போகின்றன?

கணினியில் ஒரு கோப்பைத் தெரிவுசெய்து ‘டிலீட்’ பொத்தானை அழுத்துகிறோம். ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்கிறோம். வன்தட்டில் வெற்றிடம் கூடிவிட்டதாகத் திரை காட்டுகிறது. இனி அந்தக் கோப்பு இல்லை என்றுதான் நம்மில் அதிகமானோர் நினைக்கிறோம். ஆனால் வன்தட்டைப் பொறுத்தவரை, அந்த நிமிடத்தில் கோப்பின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துக்கூட அழிவதில்லை.

வகுப்பு இடாப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவியின் பெயரை ஆசிரியை இடாப்பிலிருந்து வெட்டிவிடுகிறார். ஆனால் அந்த மாணவி எழுந்து போகவில்லை. அதே வாங்கிலேயே இருக்கிறாள். புதிதாக ஒருத்தி வந்து அந்த இடத்தில் அமரும்வரை அவள் அங்கேதான். பணிசெயல் முறைமை செய்வதும் இதுவே. எந்தக் கோப்பு தட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. நாம் அழிக்கச் சொன்னால் அட்டவணையில் அந்தப் பதிவுக்கு ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறியிட்டுவிட்டு, அந்த இடத்தை வேறொரு கோப்புக்குக் கொடுக்கலாம் என்று குறித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். 2 ஜிபி வீடியோவைப் பிரதிசெய்ய நிமிடக்கணக்கில் காத்திருக்கும் நாம், அதை ஒரு நொடியில் அழிக்க முடிவது இதனால்தான். அவசரமாக ‘குயிக் ஃபோர்மட்’ செய்தாலும் இதே கதைதான்: புதிய இடாப்பு வரும், பழைய மாணவிகள் அப்படியே இருப்பார்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் ஆகிய இருவரும் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிப் பரிசோதித்து, முடிவுகளை 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அவற்றுள் 129 இயங்கின. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை வெறும் 12! மற்றவற்றிலிருந்து கடனட்டை இலக்கங்களும் மருத்துவத் தகவல்களும்கூட வெளிவந்தன.

எங்கள் வீட்டுப் பழைய மேசைக்கணினியை விற்பதென்று வாப்பா தீர்மானித்தபோது இந்த ஆய்வுதான் என் நினைவுக்கு வந்தது. அதன் ‘டி’ பகுதியில் பல வருடத்துக் கலியாணப் படங்கள் இருந்தன. பெண்கள் பகுதியில், பெண்கள் மட்டும் இருந்தபோது எடுத்தவை. எல்லாவற்றையும் ஏற்கெனவே அழித்திருந்தோம். “அதான் அழிச்சாச்சே மகள், இன்னும் என்ன?” என்றார் உம்மா. ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை இயக்கிக் காட்டினேன். அது அட்டவணையைத் தேடுவதில்லை. தட்டை நேரடியாக வாசித்து, படக்கோப்புகளுக்கே உரிய தொடக்கக் குறிகளைக் கண்டுபிடித்து எடுக்கிறது. பெயர்கள் மட்டும் இல்லை, இலக்கமிட்ட படங்களாக வந்தன. மாமி, சாச்சி, மச்சிமார் என்று திரையில் ஒவ்வொருவராக வர வர உம்மா பேசவேயில்லை. கமெராவுக்கு முன் அவர்கள் நின்றது எங்களை நம்பித்தான். எங்கள் வன்தட்டில் கிடந்தாலும் அவை அவர்களுடைய அமானிதம். யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கும் கணினியோடு அவற்றையும் சேர்த்து அனுப்ப முடியாது.

இதற்குப் பரிகாரம், வெற்று வாங்குகளில் எல்லாம் வேறு யாரையாவது உட்கார வைப்பதுதான். அதாவது வெற்றிடம் முழுவதையும் அர்த்தமற்ற தரவுகளால் நிரப்பி, பிறகு அந்த நிரப்பலை நீக்கிவிடுவது. விண்டோஸில் இதற்கென ‘சைஃபர்’ என்றொரு கட்டளை உள்ளது. கட்டளைச் சாளரத்தில் அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு, ‘டபிள்யூ’ எழுத்து, முக்காற்புள்ளி, அடுத்துத் துடைக்கவேண்டிய பகுதியின் எழுத்து, மீண்டும் முக்காற்புள்ளி என்று கொடுக்கவேண்டும். முதற்சுற்றில் எல்லாம் 0, இரண்டாம் சுற்றில் எல்லாம் 1, மூன்றாவதில் எழுந்தமானமான இலக்கங்கள் என மூன்று முறை எழுதும். இருக்கும் கோப்புகளைத் தொடாது. நேரம் எடுக்கும் என்பதை மட்டும் மனதில் கொள்ளுங்கள். செக்கனுக்கு 100 எம்பி எழுதும் தட்டில் 500 ஜிபி வெற்றிடத்தை ஒருமுறை நிரப்பவே ஏறக்குறைய 83 நிமிடங்கள். மூன்று சுற்றுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல். எங்களுடைய ‘டி’ சிறியது, முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. பிறகு ஃபோட்டோரெக்கை மீண்டும் ஓடவிட்டேன். ஒரு படமும் வரவில்லை.

முப்பத்தைந்து முறை மேலெழுதினால்தான் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். பீட்டர் குட்மன் என்பவர் 1996இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அக்காலத்தில் இருந்த பலவகைத் தட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்னது. இக்காலத் தட்டுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் விளக்கிவிட்டார். இன்றைய காந்த வன்தட்டுக்கு ஒருமுறை முழுமையாக எழுதினாலே போதுமானது.

வெற்றிடத்தைத் துடைப்பதால் தீராத சிக்கல்களும் உண்டு. படங்களைச் சிறிதாகக் காட்டுவதற்காக விண்டோஸ் தனியாக ஒரு சிறுபடச் சேமிப்பை வைத்திருக்கிறது. மூலப்படம் அழிந்த பின்னும் அதன் சிறுவடிவம் அங்கே இருக்கும். அது உயிரோடுள்ள கோப்பு என்பதால் சைஃபர் அதைத் தொடாது. ஆகவே முதலில் ‘டிஸ்க் கிளீனப்’ மூலம் சிறுபடங்களையும் நீக்கிவிட்டே துடைக்கத் தொடங்கவேண்டும். கூகுள் டிரைவில் ஒரு பிரதி கிடந்தால் அதையும் தனியே அழிக்கவேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதே விளக்கத்தின் மறுபக்கம் பரீட்சைக் காலத்தில் உதவும். தவறுதலாக ஒரு செயற்றிட்ட அறிக்கையை அழித்துவிட்டால் உடனே அந்தக் கணினியில் எதையும் சேமிக்காமல் நிறுத்துங்கள். வன்தட்டாக இருந்தால், வாங்கில் வேறொருத்தி அமராதவரை மீட்க வழியுண்டு.

இவ்வளவும் சுழலும் வன்தட்டுக்கு. இப்போதைய மடிகணினிகளில் இருப்பது பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. அதில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி எழுத்துகளை வெவ்வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. நமக்குக் காட்டாத மேலதிக இடமும் அதனிடம் உண்டு. நாம் மேலெழுதியதாக நினைப்பது வேறெங்கோ போயிருக்கும், பழையது பழைய இடத்திலேயே இருக்கலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தபோது, தனியொரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எதுவும் எஸ்.எஸ்.டி.யில் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. இங்கே சைஃபர் ஓட்டுவது வீண் தேய்மானம். வாங்கிய நாளிலேயே முழுத் தட்டையும் மறைகுறியாக்கம் செய்துவிடுவதே சிறந்த வழி. விற்கும்போது திறவுகோலை அழித்தால் எஞ்சுவது யாருக்கும் விளங்காத குப்பை. அண்மைக்காலக் கைப்பேசிகள் இதைத் தாமாகவே செய்கின்றன. ‘ஃபெக்டரி ரீசெட்’ கொடுத்தால் திறவுகோல் போய்விடும். ஆனால் பக்கத்தில் செருகியிருக்கும் மெமரி கார்டுக்கு அது பொருந்தாது. அதைக் கழற்றி எடுத்துவிட்டே கைப்பேசியைக் கொடுக்கவேண்டும்.

கணினியே இயங்காவிட்டால்? தட்டைத் துடைக்க அது சுழலவேண்டும். பழுதான கணினியின் வன்தட்டை இன்னொருவர் வேறு கணினியில் பொருத்தி வாசிக்க முடியும். மேசைக்கணினியின் பக்கத் தகட்டைத் திறந்தால் வன்தட்டைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நான்கு திருகாணிகள்தான். அவற்றைக் கழற்றி, தட்டை வீட்டில் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்கலாம்.