பிரிபடலமும் சந்தையும்: இலிதியம் அயன் மின்கலம் பற்றிய ஒரு குறிப்பு

தொழினுட்பத்தைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது. 1991இல் சோனி நிறுவனம் சந்தைப்படுத்திய இலிதியம் அயன் மின்கலம் இதற்குத் தக்க சான்றாகும்.

அம்மின்கலத்தில் அனோட்டும் கதோட்டும் ஒன்றையொன்று தொடாது காப்பது, ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள, நுண்துளைகள் நிறைந்த பிரிபடலமாகும். அயன்கள் அதனூடாகச் செல்லும், இலத்திரன்கள் செல்லா. மூவடுக்குப் படலங்களில் நடுவிலுள்ள பொலிஎதிலீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் உருகித் துளைகளை அடைத்து மின்னோட்டத்தைத் தடுக்கும். ஏறத்தாழ 165 பாகையில் உருகும் பொலிபுரொப்பிலீன் அதுவரை படலத்தின் உருவைக் காக்கும். வெப்பம் மேலும் உயரின் படலம் சிதையும், மின்வாய்கள் தொடும், தீ மூளும். அலுமினாப் பூச்சு படலம் சுருங்குவதைக் குறைப்பதோடு, மின்பகுபொருள் நன்கு ஊறவும் உதவி, மின்கலத்தின் ஆயுளை நீட்டுகின்றது.

ஆயின், படலம் தடிக்குந்தோறும் அதே பருமனில் சேமிக்கக்கூடிய சக்தி குறையும். எனவே தடிப்பைத் தீர்மானிப்பது பௌதிகம் மட்டுமன்று; சந்தைப் போட்டியுமாகும். 2016இல் மீளப்பெறப்பட்ட சாம்சங் நோட் 7 கைபேசி பற்றிய ஆய்வு, மெல்லிய பிரிபடலத்தையும் காரணிகளுள் ஒன்றாகச் சுட்டியது.

காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற பொதுத்துறை நிலையங்கள் இத்தகைய படலங்களை ஆராய்கின்றன. அனோட்டுக்குரிய காரீயத்தைப் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிற் பெறும் நம் நாட்டுக்கும் அவ்வழி உரியது. பாதுகாப்பின் அளவை இலாபக் கணக்கிடம் விட்டுவிடாதிருக்க, அவ்வறிவு பொதுவுடைமையாதல் வேண்டும்.