கல்லோடு சீட்டும் வேண்டும்

கோலார் தங்கவயலில் வேலை பார்த்த என் மாமனார் எனக்கு ஒரு கல் கொடுத்தார். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், கைக்கு அடக்கமான குவார்ட்ஸ். "தங்கம் இல்லீங்க மாப்பிள்ளை, கழிவுக் கல்தான்" என்றார். எந்தச் சுரங்கம், எத்தனை அடி ஆழம் என்று ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார்.

ரயில் பாதைக்கு ஜல்லி பார்த்தே பழகிய எனக்கு அன்றிலிருந்து கல் சேர்க்கும் ஆசை வந்தது. விவரம் தெரிந்தவர்கள் கல்லைக் காட்டியதும், "எந்தச் சுரங்கத்துக் கல்?" என்றுதான் கேட்பார்கள்.

ஒருநாள் அழுக்காக இருக்கிறதே என்று நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். சீட்டு கரைந்துவிட்டது. மாமனாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தேன். கேட்பதற்குள் அவர் காலமானார். சாம்பியன் ரீஃப் என்பது நினைவிருக்கிறது. ஆழம் மறந்துவிட்டது.

1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்கம் அது. வட ஆற்காட்டிலிருந்து போன நம்மவர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ல் மூடியபின் தண்ணீர் நிரம்பிவிட்டது. அந்த ஆழத்திலிருந்து இனி யார் கல் கொண்டுவருவது?

நம் சங்கத்தில் தங்கவயல் குடும்பங்கள் உண்டு. உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு கல் இருக்கலாம். தாத்தா இருக்கும்போதே கேளுங்கள். கல்லின் அடியில் வெள்ளைப் பெயிண்டால் சிறு பொட்டு வைத்து, காய்ந்ததும் இந்தியன் மையால் ஒரு எண் எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் போட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள். கழுவுவதெல்லாம் அப்புறம்.