வரி கேட்க வராத அரசு ஆள்

வெள்ளையர் ஆட்சியில் ஊருக்குள் அரசு ஆள் நுழைந்தால், பெரும்பாலும் கிஸ்தி வசூலாக இருக்கும். இல்லையென்றால் போலீஸ் விசாரணையாக இருக்கும். முதல் பொதுத் தேர்தல் நடந்து முடிந்த 1952இல் வேறொருவர் வந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே தேசிய விரிவாக்கப் பணியும் வந்தது. இரண்டையும் வயல் வரைக்கும் கொண்டுசேர்த்தவர் ‘கிராம சேவக்’.

அவர் வேலை என்ன?

தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்து கிராமங்களுக்கு ஒருவர். விதை, உரம், கால்நடை, சுகாதாரம், முதியோர் கல்வி எல்லாம் அவர் தலையில். ஆனால், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. செய்துதான் காட்ட வேண்டும்.

அப்போது பரப்பப்பட்ட ஜப்பான் முறை நெல் சாகுபடியில் சொல்லப்பட்ட விதைத் தேர்வையே பாருங்கள். வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு முட்டையைப் போட வேண்டும். அது மிதந்தால் கரைசல் பதம். விதைநெல்லைக் கொட்டியதும் பதர் மேலே வரும். திரண்ட மணி அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் அலசி விதைக்கலாம். கண்ணால் பார்த்த விவசாயி ஒப்புக்கொள்வார். அல்லது “அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம்” என்பார். முடிவு அவருடையது. ஜனநாயகம் வயலுக்கு வந்தது இப்படித்தான்.

எங்கே சறுக்கியது?

இலக்குகள் மேலிருந்து வந்தன. ஊர் வேடிக்கை பார்த்தது. மக்களின் பங்கேற்பு போதவில்லை என்று 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு சொன்னது. பொறுப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளிடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. அதன்படி 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் பஞ்சாயத்து ராஜ் அமைப்பை நேரு தொடங்கிவைத்தார்.

தஞ்சையில் என்ன நடந்தது?

அடுத்து வந்தது தீவிர வேளாண் மாவட்டத் திட்டம். அது முதலில் வந்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அங்கே கிராம சேவக்குகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. 1960களில் ஆடுதுறை 27 ரகத்தை வானொலி ஊர் ஊராக அறிமுகப்படுத்த, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. ஆனால் எவ்வளவு உரம், எப்போது தண்ணீர் என்ற கேள்விகளுக்கு வரப்பில் நின்று பதில் சொல்ல ஆள் வேண்டும். கிராம சேவக் போன்ற அந்த ஆள்தான் விரிவாக்கப் பணியாளர்.

இன்று தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பவர் உதவி வேளாண்மை அலுவலர். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அவரை அழையுங்கள். உங்கள் வயலின் பிரச்சினையைச் சொல்லுங்கள். கேட்கும் ஊருக்குத்தான் விரிவாக்கப் பணி பயன்படும்.