ஒரு கணினியில் இரு முறைமைகள்

மட்டக்களப்பு வாவியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே சுவையுடையதன்று. மாரியில் ஆறுகள் கொணரும் வெள்ளத்தால் உவர்ப்புக் குறையும். முகத்துவாரம் திறந்திருக்கும் வேளையில் கடல்நீர் உட்புகுமாயின் உவர்ப்பு மிகும். வாவி ஒன்றே, அதனை ஆளும் நீர் இரண்டு. ஒரே கணினியில் இரு பணிசெயல் முறைமைகளைக் குடியிருத்துவதை விளங்கிக்கொள்ள இவ்வுவமை ஓரளவுக்கு உதவும். ஓரளவுக்குத்தான், வாவியில் இரு நீரும் கலக்கின்றன, கணினியிலோ கலப்பதே ஆபத்து.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் மென்பொருள். தமிழ்நாட்டில் இதனை இயங்குதளம் என்பர். விண்டோஸ் 10இற்கு வழக்கமாக வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுபோயின. விண்டோஸ் 11 பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. களுவாஞ்சிக்குடியில் சிறு கடை நடத்தும் ஒருவர் இந்நிலையில் என்ன செய்வார்? அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குவது. புதுக் கணினி வாங்கவோ பணமில்லை. கணக்கை இணையத் தொடர்பின்றி விண்டோஸில் எழுதிக்கொண்டு, இணையப் பணிகளுக்கு விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸைக் கையாளலாம்.

இது புதிய வழியன்று. 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு இலவசமாக வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், இந்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே இருந்தன.

வயலை வரம்பிட்டுப் பிரிப்பதுபோல் வன்தட்டைப் பங்கிட்டு, ஒவ்வொரு முறைமைக்கும் ஒரு பங்கு கொடுக்கப்படும். கணினியை இயக்கியவுடன் கிரப் என்னும் சிறு நிரல் எது வேண்டுமென வினவும். தெரிந்தெடுத்தது விழிக்கும், மற்றது உறங்கும். வரம்பிடுகையில் கை தவறினால் பல்லாண்டுக் கணக்கு ஒரு நொடியில் அழிந்துவிடும். ஆதலால் அனைத்தையும் வேறொரு தட்டில் முன்னரே படியெடுத்து வைத்தல் வேண்டும். இதில் சோம்பலுக்கு இடமில்லை.

தொல்லை பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவான இடங்களில்தான் எழும். விரைவில் விழிப்பதற்காக விண்டோஸ் சிலவேளை அரைத்தூக்கத்தில் படுத்துவிடும். அந்நிலையில் லினக்ஸ் அதன் பங்கில் எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். அவ்வசதியை நிறுத்திவிடுவதே நன்று.

கடிகாரமும் பொதுவானதே. கணினியின் உட்கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கொள்ளும். இலங்கை நேரம் பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. எனவே லினக்ஸில் வேலைசெய்துவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால், நண்பகல் 12 மணிக்குக் கணினி காலை 6.30 எனக் காட்டக்கூடும். கடைக்காரர் இயந்திரம் பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை. உட்கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டால் போதும்.