சிவில் படித்தவர், கம்ப்யூட்டருக்குக் காது கொடுத்தார்! - ஆமத்தூர் பிள்ளைகளுக்கு ஒரு நம்பிக்கைக் கதை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். காலை நேரத்தில் அந்தச் சாலையில் நின்றால் இரண்டு வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, பட்டாசு ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன். இந்தப் பக்கம் ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். இன்னொன்று, இன்ஜினீயரிங் காலேஜ் பஸ். அம்மா வேனிலும், மகள் காலேஜ் பஸ்ஸிலும் ஏறும் வீடுகள் இங்கே உண்டு.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கும் அந்த மகளுக்கு மேற்படிப்பு ஆசை வருகிறது. விண்ணப்பத்தைத் திறக்கிறாள். பெயர், மார்க், முகவரி எல்லாம் மளமளவென்று நிரப்பிவிடுகிறாள். அடுத்த கட்டத்தில் கை நின்றுவிடுகிறது. 'உங்கள் கல்வி மற்றும் பணிப் பின்னணியை எழுதுக' என்கிறது அது.

'தமிழ் மீடியம், சாதாரண காலேஜ், வீட்டில் முதல் பட்டதாரி... இதில் எழுத என்ன இருக்கிறது?' இந்த ஒரு கேள்வியிலேயே விண்ணப்பத்தை மூடிவைப்பவர்கள் நிறைய பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு பேரின் பின்னணி இது.

காட்டூரு முதல் கலிஃபோர்னியா வரை

ராஜ் ரெட்டி 1937-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், காட்டூரு என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர் இவர்தான். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் பி.இ. முடித்தார். அவர் படித்தது கம்ப்யூட்டர் அல்ல, சிவில். அப்போது இந்தியாவில் கம்ப்யூட்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அங்கிருந்து ஆஸ்திரேலியா போய், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960-ல் எம்.டெக். முடித்தார். கம்ப்யூட்டர் அவருக்கு அறிமுகமானது அந்த நாட்டில்தான். படித்த சிவிலை விட்டுவிட்டு, ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷ வேலைக்குப் பிறகு, மறுபடியும் மாணவராக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற துறைக்கே பெயர் வைத்த ஜான் மெக்கார்த்தி அவருக்கு வழிகாட்டி. 1966-ல் பிஹெச்.டி. கிடைத்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை தொடங்கியே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது!

ராஜ் ரெட்டி கையில் எடுத்தது மனிதர்கள் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சி. இன்றைக்குப் பாட்டிகூட போனில் மைக்கைத் தொட்டுவிட்டு, "முருகன் பாட்டு போடு" என்கிறார். அந்த வசதிக்கு ஆரம்பகாலத்தில் அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1979-ல் தொடங்கிய ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவரே. 1994-ல் கம்ப்யூட்டர் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருது, எட்வர்டு ஃபைகன்பாமுடன் சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. ஆசியாவில் பிறந்த ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. பின்னாளில், கிராமத்துப் பிள்ளைகளுக்காக ஆந்திராவில் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராகவும் இருந்தார்.

கல்லாவுக்கு முன்னால் கணக்கு நோட்டு

இன்னொருவர் சி.மோகன், தமிழ்நாட்டுக்காரர். சென்னை ஐ.ஐ.டி-யில் 1977-ல் பி.டெக். முடித்தார். அவருடைய பிரிவும் கம்ப்யூட்டர் அல்ல, கெமிக்கல் இன்ஜினீயரிங். ஆனால், அந்த வளாகத்தில் 1970-களிலேயே ஐ.பி.எம்-மின் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அவருடைய ஆர்வம் அந்தப் பக்கம் திரும்பியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-ல் கம்ப்யூட்டர் சயின்ஸில் பிஹெச்.டி. பெற்று, அதே வருஷம் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார்.

அவர் என்ன செய்தார்? நீங்கள் ஒருவருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் பணம் குறைந்துவிட்டது, அவர் கணக்கில் ஏறுவதற்குள் வங்கியின் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறது. அந்தப் பணம் என்ன ஆகும்?

நம் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி, கடன் கொடுக்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுவார். நடுவில் கரன்ட் போனாலும் நோட்டைப் பார்த்து எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிகிறது. நின்றுபோய் மீண்டும் எழும்போது குறிப்பேட்டின்படி நடந்ததை எல்லாம் திரும்பச் செய்து, முடியாமல் நின்றதை மட்டும் ரத்து செய்கிறது. இதை முழுமையான முறையாக வகுத்து, 'ஏரிஸ்' என்ற பெயரில் மோகனும் அவருடைய சகாக்களும் 1992-ல் வெளியிட்ட கட்டுரை, உலகம் முழுக்க டேட்டாபேஸ் வகுப்புகளில் இன்றும் பாடம்.

பின்னணி என்பது என்ன?

ஒருவர் சிவில், ஒருவர் கெமிக்கல். முதல் பட்டத்தின் பெயர் இருவரையும் கட்டிப்போடவில்லை. இவர்களுடைய பின்னணியை எழுதினால் அதில் ஒரு தொடர்ச்சி தெரியும். எங்கே தொடங்கினார்கள், எது அவர்களை இழுத்தது, அதற்காக அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் அது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் கேட்பதும் இதைத்தான்.

ஆமத்தூர்ப் பக்கத்து வீட்டில் இதற்குச் சரக்கு இல்லையா என்ன? சரம் பின்னும் அம்மாவின் பீஸ் ரேட் கூலிக் கணக்கை வாராவாரம் செல்போனிலேயே போட்டுக்கொடுத்த அனுபவம் இருக்கலாம். அச்சகத்தில் லீவு நாளில் லேபிள் டிசைன் செய்திருக்கலாம். மருந்து கலக்கும் அறையின் வெப்பநிலை கூடினால் எச்சரிக்கும் கருவியை புராஜெக்ட்டாகச் செய்திருக்கலாம். இவை எல்லாம் பின்னணிதான். வெடி விபத்துச் செய்தி கேட்டாலே பதறி ஓடும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, அந்த எச்சரிக்கைக் கருவி ஏன் வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எழுதும்போது கவனிக்க...

* வருஷ வாரியாக எழுதுங்கள். 'எனக்குச் சிறுவயதிலிருந்தே கம்ப்யூட்டர் பிடிக்கும்' என்பதைவிட, செய்த ஒரு வேலையை விவரிப்பது மதிப்புக் கூட்டும்.

* குழுவாகச் செய்த புராஜெக்ட்டில் உங்கள் பங்கு எது என்று தனியாகச் சொல்லுங்கள்.

* அரியர் இருந்ததா? மறைக்க வேண்டாம். காரணத்தை ஒரு வரியிலும், மீண்டு வந்ததை அடுத்த வரியிலும் சொல்லுங்கள்.

* காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

* படிப்பு என்றால் செலவு மட்டுமே இல்லை. கேட் தேர்வில் தகுதி பெற்று ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மூன்றாம் வருஷத்திலேயே கேட் எழுதலாம். மதிப்பெண் 3 வருஷத்துக்குச் செல்லும்.

இந்த மண்ணுக்குப் புதிதல்ல

தெரியாத தொழிலைத் தேடிப்போய்க் கற்றுக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ரயிலேறி கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அதிலிருந்துதான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத்தொழில் என்று ஊரே வளர்ந்தது. வாணவேடிக்கைக்கு வெளிச்சம் தருவது அலுமினியத் தூள். அந்தத் தூளைத் தயாரிக்கும் மெப்கோ நிறுவனத்தின் பெயரிலேயே சிவகாசியில் 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியும் வந்தது.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்து, பத்தாம் வகுப்பிலிருந்து இன்றுவரை செய்ததை எல்லாம் வரிசையாக எழுதிப் பாருங்கள். பக்கத்தில் அம்மாவையும் உட்கார வையுங்கள். நீங்கள் மறந்துபோன இரண்டு விஷயங்களை அவர் நிச்சயம் ஞாபகப்படுத்துவார்!