குண்டின் விட்டத்தை எதை வைத்துப் பிடிப்பது?

சேலத்திலிருந்து ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல், தருமபுரியைத் தாண்டி, கிருஷ்ணகிரிக்கு முன்னால் வருகிறது காரிமங்கலம். 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனையங்கள். அவற்றில் இரண்டுக்கு நடுவே, சாலை ஓரத்திலேயே இருக்கிறது இந்த ஊர். இந்தப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய், லேத்தும் சிஎன்சியும் கற்றுக்கொண்டு, ஊரோடு சொந்தப் பட்டறை போட நினைக்கும் பிள்ளைகள் உண்டு. டிஃபென்ஸ் ஆர்டர் என்ற பேச்சு வந்ததும் அவர்கள் முதலில் விசாரிப்பது மெஷின் விலையை. அதற்கு லோன் கிடைக்குமா என்று அடுத்து கேட்பார்கள். அளக்கும் கருவி என்ற பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் “ஒரு டிஜிட்டல் வெர்னியர் போதும்ல?” என்பதோடு முடிந்துவிடும்.

போதாது. ஏன் போதாது என்பதைத் துப்பாக்கிக் குண்டை வைத்தே சொல்லலாம். அளவெடுப்பதில் இருக்கும் சிக்கல்கள் எல்லாம் அந்தச் சின்னப் பொருளில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்த வேலைக்கு அரசு ஆலைகளும் உரிமம் பெற்ற நிறுவனங்களும் இருக்கின்றன. துப்பாக்கி, வெடிமருந்து சார்ந்த அரசு ஆலைகள் நம் மாநிலத்திலும் உண்டு: அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, அதே திருச்சியில் டாங்கி குண்டுகளுக்கு டங்ஸ்டன் ஊடுருவிகள் செய்யும் ஆலை. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது இவையும் அவற்றுக்குள் போயின. சிறு பட்டறை கனவு காண வேண்டியது குண்டை அல்ல. இப்படிப்பட்ட ஆலைகளுக்குத் தேவைப்படும் கேஜ், ஃபிக்சர், டை, உதிரி பாகங்களை. அவற்றைச் செய்பவரும் குண்டை அளப்பவரின் கண்ணோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியின் குண்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 5.56 காட்டாது, ஏறக்குறைய 5.70 காட்டும். 7.62 என்று பெயர் கொண்ட நேட்டோ குண்டு 7.82 இருக்கும். குழலின் உள்ளே சுருளாக வெட்டிய பள்ளங்களும் அவற்றுக்கு நடுவே மேடுகளும் இருக்கின்றன. பெயரில் வரும் எண் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. குண்டு பள்ளத்தையும் நிரப்பிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் வாயு கசியாது, குண்டும் சுருளைப் பிடித்துச் சுழலும். விட்டம் குறைந்தால் குறி தப்பும். கூடினால் குழலுக்குள் அழுத்தம் ஏறும். சுழற்சியும் சாதாரணமானதல்ல: நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, 200 மி.மீ.க்கு ஒரு சுற்று என்ற சுருளில், நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அந்த வேகத்தில் மையம் மயிரிழை விலகினாலும் இலக்கில் தெரிந்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி அடங்கிய இதே பாராமகால் மண்ணில் 1790களில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சுமந்த பிரௌன் பெஸ் துப்பாக்கிக்கு இந்தக் கவலை இல்லை. குழல் 19 மி.மீ., ஈயக் குண்டு பதினேழரை மி.மீ. அளவில் இருக்கும். நடுவில் ஒன்றரை மி.மீ. சந்து. அந்தக் காலத்துக் குண்டைச் சோதிக்க ஒரு வளையம் போதும். உள்ளே நுழைந்தால் சரி.

சந்து குறையக் குறைய, அளக்கும் கருவி மாறியாக வேண்டியிருந்தது. 1867இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் ஊரில், தோட்டா தயாரிக்கும் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனி, தனக்கு வந்த பித்தளைத் தகட்டை “அளவு சரியில்லை” என்று திருப்பி அனுப்பியது. அனுப்பிய பிரிட்ஜ்போர்ட் பிராஸ் கம்பெனியின் கேஜில் பார்த்தால் தகடு சரியாக இருந்தது. இரண்டு கேஜுக்கும் தரம் ஒன்றுதான், அளவு மட்டும் ஒத்துவரவில்லை. கேஜ் பஞ்சாயத்து இனி வேண்டாம் என்று அந்தப் பிராஸ் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்த வில்மட் திருகு வைத்த அளவி ஒன்றை உருவாக்கினார். பிரான்ஸில் பால்மர் 1848லேயே இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். இன்று பட்டறை மேஜையில் கிடக்கும் மைக்ரோமீட்டரின் வரலாற்றில் தோட்டாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஸ்லிப் கேஜின் கதை இன்னும் நெருக்கம். ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கட்டை செய்து வைத்தால் கிடங்கு தாங்காது என்று கண்டு, சில கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தே ஆயிரக்கணக்கான அளவுகளை எடுக்கும் முறையை 1896இல் வகுத்தார். அவருடைய தொகுதியில் 102 கட்டைகள். உலகத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் இன்றும் அந்த முறையில்தான் நடக்கின்றன.

இனி கருவிக்கு வருவோம். நல்ல கம்பெனியின் 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியர் திரையில் 0.01 வரை எண் காட்டும். ஆனால் அதன் துல்லியம் கூட்டல் கழித்தல் 0.02. எண் மாறுவதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. பிடிக்க வேண்டிய டாலரன்ஸ் 0.02 என்றால், அந்த வெர்னியரில் அளந்து “ஓகே” சொல்வது ஊகம்தான். டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிடிக்க வேண்டும் என்பது பழைய விதி. நான்கில் ஒரு பங்கு வரை இன்று ஒப்புக்கொள்கிறார்கள். கருவியின் பிழை அதற்கு மேல் போகக் கூடாது.

0-25 மைக்ரோமீட்டர் அந்த வேலைக்கு வரும். நல்லதாக இருந்தால் ஒன்று, இரண்டு மைக்ரானுக்குள் நிற்கும். காரணம் விலை மட்டும் இல்லை, அமைப்பு. 1890இல் எர்ன்ஸ்ட் ஆபே சொன்ன கொள்கைப்படி, அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் அப்படி இருக்கிறது. வெர்னியரில் தாடை ஒரு பக்கம், கோல் ஒரு பக்கம்; தாடை கொஞ்சம் சாய்ந்தாலும் பிழை உள்ளே வந்துவிடும். தாடையின் நுனியில் பிடித்து அளக்கிறவர்கள் பிழையைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள்.

மைக்ரோமீட்டர் வாங்கிவிட்டால் மட்டும் ஆயிற்றா? ஆன்விலுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் சுத்தமான தாளை மெல்லப் பிடித்து இழுத்துத் துடைக்க வேண்டும். மூடி ஜீரோ பார்க்க வேண்டும். பிறகு திம்பிளைக் கையால் முறுக்காமல், ராட்செட்டைச் சுற்றி இரண்டு மூன்று ‘கிளிக்’ கேட்டதும் நிறுத்த வேண்டும். ஈயம் மென்மையானது, ஒரு கிளிக் கூடினாலே நசுங்கி, நாம் அளப்பது குண்டை அல்ல, நம் விரல் பலத்தை என்றாகிவிடும். ஏர் ரைஃபிள் பெல்லட் டின்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு அச்சிட்டிருக்கும். பத்து மைக்ரான் வித்தியாசத்துக்குத் தனி டின். அதைப் பட்டறை மைக்ரோமீட்டரில் முறுக்கிச் சரிபார்ப்பது வீண். ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் போல, தொடாமல் நிழலைப் பெரிதாக்கி அளக்கும் கருவிதான் சரி.

இன்னொரு பொறி இருக்கிறது. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் வரும் சில பாகங்களை எந்தப் பக்கம் திருப்பி மைக்ரோமீட்டரில் வைத்தாலும் ஒரே அளவு காட்டும், ஆனால் அவை வட்டமாக இருக்காது. மூன்று பக்கம் புடைத்த வடிவத்தை இரண்டு புள்ளியில் பிடிக்கும் எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. 60 டிகிரி வி-பிளாக்கில் படுக்கவைத்து, மேலே டயல் கேஜ் முள்ளை இறக்கிச் சுற்றினால் முள் ஆடும். மூன்று புடைப்பு என்றால் உண்மையான பிழையை மூன்று மடங்காகக் காட்டும். இரண்டு வி-பிளாக்கில் குண்டைக் கிடத்தி, முனைக்குப் பக்கத்தில் டயல் வைத்துச் சுற்றினால் மையவிலகலும் தெரியும். ஒரு வி-பிளாக் ஜோடியும், ஒரு மைக்ரான் டயலும், ஆடாத காந்த ஸ்டாண்டும் பலர் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் கருவிகளைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும்.

நீளம்தான் வெர்னியருக்கு ஏற்ற இடம். அங்கும் நுனியிலிருந்து அளந்தால் ஏமாற்றம். ஒரே டையில் வந்த குண்டுகளின் கூர்நுனிகூட ஒன்றுபோல இருக்காது. அடியிலிருந்து, வளைவு ஒரு குறிப்பிட்ட விட்டத்தை எட்டும் இடம் வரை அளக்க வேண்டும். அதற்குத் தாடையில் மாட்டும் துளைக்கட்டை உண்டு.

வெப்பநிலையைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். அளவுகளுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி, 1931இல் முடிவானது. நம் ஊர் வெயிலில் பட்டறைக்குள் 35 டிகிரி சாதாரணம். செப்பு உறை போட்ட 5.70 மி.மீ. குண்டு அந்த 15 டிகிரியில் ஒன்றரை மைக்ரான் வீங்கும். எஃகு மைக்ரோமீட்டரும் கூடவே வீங்கும். மிச்சம் அரை மைக்ரான். இதற்காக ஏசி அறை கட்ட வேண்டியதில்லை. 100 மி.மீ. அலுமினியப் பாகம் என்றால் கதை வேறு, அதே கணக்கில் 17 மைக்ரான் வந்து நிற்கும். மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அளப்பதும், மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் வைத்திருப்பதும் வானிலையைவிட மோசமானவை.

ஆயிரக்கணக்கில் பாகம் ஓடும்போது மைக்ரோமீட்டரும் தோற்கும், பிடிக்கிறவர் களைத்துப்போவார். அங்கே கோ, நோ-கோ கேஜ்தான். ஒரு வளையம் நுழைய வேண்டும், இன்னொன்று நுழையக் கூடாது. எண் படிக்கத் தேவையில்லை. அந்தக் கேஜைச் செய்து, லேப்பிங் போட்டு, அளந்து கொடுப்பது சிறு பட்டறைக்கு ஏற்ற வேலை. அதில் கிடைக்கும் பெயர் வேறு எதிலும் கிடைக்காது.

ஆனால் கேஜ் தேயும், மைக்ரோமீட்டர் தரையில் விழும். அதனால்தான் ஸ்லிப் கேஜ் தொகுதியும், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் காலிப்ரேஷன் சான்றும் வேண்டும். அந்தச் சான்றுக்குப் பின்னால் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை ஒரு சங்கிலி இருக்கிறது. பெங்களூரு சிஎம்டிஐ, கோவை சிடார்க் போன்ற இடங்களில் இந்த வேலை நடக்கிறது. சான்று இல்லாத கருவியில் எடுத்த அளவைப் பாதுகாப்புத் துறை ஆய்வாளர் முன் வைக்க முடியாது, பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

முதல் வாங்கலுக்கு என் யோசனை இது: பெயர்பெற்ற கம்பெனியின் 0-25 மைக்ரோமீட்டர், ஒரு சிறிய ஸ்லிப் கேஜ் தொகுதி, வி-பிளாக், டயல், ஸ்டாண்ட். வெர்னியர் அதற்குப் பிறகு. பழைய மைக்ரோமீட்டர் கிடைத்தால் ஸ்லிப் கேஜ் வைத்து ஐந்து இடத்தில் சோதித்துவிட்டு வாங்குங்கள், ஜீரோவில் மட்டும் பார்க்காதீர்கள். திருகு தேய்வது அதிகம் பயன்படும் இடத்தில்தான்.

ப்ரொஜெக்டரையும் காலிப்ரேஷன் அறையையும் தனி ஒரு பட்டறையால் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். குறு, சிறு தொழில் தொகுப்புகளுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசும் மாநில அரசும் மானியம் தருகின்றன. காரிமங்கலம், பாலக்கோடு, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து மாவட்டத் தொழில் மையத்தில் மனு கொடுங்கள். அந்த மனுவில் புது மெஷினுக்கு முன்னால், முதல் வரியில், ஒரு அளவீட்டு அறையைக் கேளுங்கள்.